சாராள் தக்கர் காலேஜ்ல வர்ற "தக்கர்" – அப்டின்னா என்ன அர்த்தம்?

பாளை_ஜெசி | சனி, காலை 10.12
எங்க வீட்டுல அம்மா, சித்தி, நான்னு மூணு பேரும் பாளையங்கோட்டை சாராள் தக்கர்ல படிச்சவங்க. நேத்து எம்மவ, ஏழாங்கிளாஸ்தான் படிக்கா, பழைய சர்டிபிகேட்ட எடுத்து வச்சிக்கிட்டு "தக்கர்னா என்னம்மா"ன்னு கேட்டுட்டா. முழிச்சேன். சாராள் தக்கர் இங்கிலீஷ்காரம்மா, இந்தியாவுக்கே வராதவங்க, கூடப்பொறந்த ஜான் தக்கர்தான் மெட்ராஸ்ல சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் செக்ரட்டரியா இருந்தாரு, அவர் மூலமா இந்தப் பக்கத்து கதையெல்லாம் கேட்டு எழுதினவங்க, காலேஜ் 1895ல ஆரம்பிச்சது, இதெல்லாம் மனப்பாடமா சொல்லிட்டேன். ஆனா அந்த பேருக்கு அர்த்தம்? ஸ்மித்னா கொல்லன், டெய்லர்னா தையக்காரர், மில்லர்னா மாவு மில்லு. தக்கர்? யாருக்காவது தெரியுமா?

டக்கர் பாண்டி | சனி, காலை 10.20
எங்க ஏரியால டக்கர்னா சூப்பர்னு அர்த்தம்க்கா 😀

மெட்ராஸ் மாமா | சனி, காலை 10.41
தி.நகர் வெங்கட்நாராயணா ரோட்டுல தக்கர் பாபா வித்யாலயா இருக்கே, அதே தக்கர்தான். குஜராத்தி பேரு. ஜான் தக்கர்ங்கறவரும் மதம் மாறின குஜராத்தியா இருப்பாரு.

வடசேரி வாத்தியார் | சனி, காலை 11.05
இல்ல சார். தக்கர் பாபா, அம்ரித்லால் தக்கர், அவரு குஜராத்திதான், காந்தியோட கூட இருந்தவரு. அது வேற தக்கர். சாராள் தக்கர்ல உள்ளது Tucker-னு எழுதற இங்கிலீஷ் சர்நேம், உச்சரிப்பு டக்கர். தமிழ்ல ட-வுல சொல் ஆரம்பிக்கக் கூடாதுன்னு இலக்கணம் இருக்குல்லா, அந்தக் காலத்து ஆளுங்க அதனால தக்கர்னு எழுதியிருப்பாங்கன்னு நான் நெனைக்கேன். எழுத்துல ரெண்டும் ஒண்ணாயிட்டு, ஆள் ஒண்ணாயிடுவாங்களா.

குறள்பித்தன் | சனி, காலை 11.30
எல்லாரும் கண்ணை மூடிட்டு இங்கிலீஷ் இங்கிலீஷ்னு போறீங்க. "தக்கார்" குறள்லயே இருக்கிற சொல். தகுதி உடையவர். இன்னைக்கும் அறநிலையத்துறை கோயிலுக்கு தக்கார்னுதான் போஸ்டிங் போடறாங்க. இங்கிருந்து போன சொல்லாதான் இருக்கணும். ஆராய்ச்சி பண்ணுங்க.

எக்ஸிட்டர் மழை | சனி, பகல் 2.48
இந்த இழைய இப்பதான் பாத்தேன், சிரிப்பு தாங்கல, ஏன்னா நான் வேலை பாக்கற ஊர் எக்ஸிட்டர், இங்கிலாந்துல டெவன் கவுண்டி, இதுதான் டக்கர்களோட சொந்த ஊர் மாதிரி. இங்க ஃபோர் ஸ்ட்ரீட்ல "டக்கர்ஸ் ஹால்"னு ஒரு பழைய கட்டடம் இருக்கு, 1471ல கட்டினது, தினமும் அது வழியாத்தான் பஸ் பிடிக்க ஓடுவேன்.

விஷயத்துக்கு வர்றேன். டக்கர்ங்கறது தொழில் பேரு. கம்பளித் துணிய நெசவு பண்ணி முடிச்சதும் அப்படியே போட்டுக்க முடியாது, இழைக்கு நடுவுல சந்து சந்தா இருக்கும், ஆட்டு ரோமத்துல இருக்கிற எண்ணெய் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தண்ணில போட்டு மிதிச்சு, அடிச்சு, கசக்கி, இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி இறுகற வரைக்கும் பண்ணுவாங்க. துணி சுருங்கி கெட்டியாகும். இந்த வேலை பாத்தவர்தான் டக்கர். பழைய இங்கிலீஷ்ல "டூக்கியன்"னு ஒரு வினைச்சொல், அதுக்கு முதல் அர்த்தம் என்ன தெரியுமா? வதைக்கிறது, கொடுமைப்படுத்துறது. அதுதான் பிறகு துணிய வதைக்கிறதா மாறிச்சு. ஜெசி அக்கா, உங்க பொண்ணுகிட்ட "துணிய போட்டு அடிக்கிறவங்க"ன்னு சொல்லிடுங்க, தப்பில்ல.

குறள்பித்தன் சார், மன்னிக்கணும், ஒலி ஒத்துப்போறது மட்டும் போதாது. டெவன், சாமர்செட், கார்ன்வால்ல இந்தத் தொழிலுக்கு டக்கிங்னும் அந்த மில்லுக்கு டக்கிங் மில்னும் பேரு, கார்ன்வால்ல கேம்போர்ன் பக்கத்துல டக்கிங்மில்னு ஊரே இருக்கு. சொல்லும் தொழிலும் ஊரும் ஒரே இடத்துல கிடக்கு.

பாளை_ஜெசி | சனி, பகல் 3.15
அய்யோ, சூப்பர்! அப்போ நம்ம ஊரு வண்ணார் மாதிரியா? பைபிள்ல மல்கியா 3:2ல "வண்ணாருடைய சவுக்காரம்"னு வரும்லா, இங்கிலீஷ் பைபிள்ல அந்த இடத்துல ஃபுல்லர்னு இருக்கும். ஃபுல்லரும் சர்நேம்தானே?

எக்ஸிட்டர் மழை | சனி, மாலை 4.02
அக்கா நீங்க சரியான நூலைப் பிடிச்சிட்டீங்க. இதுதான் இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்துல மூணு பேரு. தென்மேற்குல டக்கர். தென்கிழக்கு, கிழக்குப் பக்கம், அதாவது சசெக்ஸ், கென்ட், சஃபோக் அந்தப் பக்கமெல்லாம் ஃபுல்லர், இது லத்தீன் "ஃபுல்லோ"ல இருந்து வந்தது. வடக்குல யார்க்ஷயர், லங்காஷயர்ல, ஸ்காட்லாந்துலயும் வாக்கர். ஆமா, அதே வாக்கர்தான். நடக்கிறவன்!

டக்கர் பாண்டி | சனி, மாலை 4.05
இருங்க இருங்க. ஜானி வாக்கர்ல உள்ள வாக்கரா??

எக்ஸிட்டர் மழை | சனி, மாலை 4.30
அதே 😀 ஜான் வாக்கர்னு ஸ்காட்லாந்து கில்மார்னக்ல 1820ல மளிகைக் கடை போட்டவர். அவர் குடும்பம் விஸ்கில பெருசா வந்தப்புறம் 1908ல தொப்பி போட்டு கைத்தடியோட விறுவிறுன்னு நடந்து போற ஆளை படமா போட்டாங்க. வாக்கர்னா நடக்கிறவர்ங்கற சிலேடை. ஒருவிதத்துல பாத்தா ரொம்பத் தப்பும் இல்ல, ஏன்னா "வெயல்கன்"ங்கற பழைய சொல்லுக்கு உருட்டறது, புரட்டறதுன்னு அர்த்தம், வாக்கர்ங்க தொட்டில துணிய போட்டு அது மேல ஏறி மிதிச்சவங்கதான். ஊர் போய்ச் சேராத நடை. நின்ன எடத்துலயே நாள் முழுக்க.

ஜார்ஜ் டபிள்யூ புஷ்ல இருக்கிற டபிள்யூவும் வாக்கர்தான், அவர் பாட்டி வீட்டுப் பேரு. அமெரிக்க ஜனாதிபதி பேருக்கு நடுவுல ஒரு துணி மிதிக்கிறவர் உக்காந்திருக்கார்.

வடசேரி வாத்தியார் | சனி, மாலை 5.20
மாற்கு 9:3 பாருங்க மக்கா. இயேசுவோட வஸ்திரம் பூமியில எந்த வண்ணானும் வெளுக்க முடியாத அளவுக்கு வெண்மையா இருந்துச்சுன்னு வரும். 14ஆம் நூற்றாண்டு கடைசில விக்லிஃப் ஆளுங்க பண்ணின பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல அந்த வசனத்துல "ஃபுல்லர் அல்லது துணி வாக்கர்"னு ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க. தெக்கத்தி ஆளுக்கும் புரியணும் வடக்கத்தி ஆளுக்கும் புரியணும்னு செஞ்சதாக்கும்னு எனக்குத் தோணுது. நாம "கிணத்துல வாளி, தோண்டி"ன்னு ரெண்டும் சொல்லுவோம்லா, அந்த மாதிரி.

சென்னிமலை செந்தில் | சனி, இரவு 8.47
நானுங்க தறிக்கார வீட்டுப் பையன், சென்னிமலை, அப்பா இன்னும் பெட்ஷீட் தறி ஓட்டறாருங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன், வண்ணாருன்னு மொழிபெயர்த்தது பாதிதானுங்க சரி. வண்ணார் உடுத்துன துணிய வெளுக்கறவர். இந்த டக்கர் வாக்கரெல்லாம் தறில இருந்து எறங்குன புதுத் துணிய பக்குவம் பண்றவங்க. அவங்க கைக்குப் போகாம துணி துணியே ஆகாது.

நம்மள்ல அந்த வேலையே இல்லைங்க, ஏன்னா நம்முளுது பருத்தி. பருத்திக்கு கஞ்சி போடறதெல்லாம் நெய்யறதுக்கு முன்னாடி, பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு. நெய்ஞ்சு எறக்குனா மடிச்சு கட்டு கட்டிரலாம். பருத்திய எத்தனை மிதிச்சாலும் கம்பளி மாதிரி பின்னிக்காது, ரோமத்துல மட்டும்தான் மீன் செதில் கணக்கா சின்னச் சின்ன செதில் இருக்குதுங்க, சூடும் ஈரமும் பட்டு அடி வாங்குனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொக்கி போட்டுக்கும், திரும்ப விடாது. ஊட்டில வாங்குன சொட்டர எங்கூட்டுக்காரி வெந்நில போட்டு மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டா, எனக்கு எடுத்த சொட்டர் இப்ப மூணு வயசுப் பையன் போட்டுட்டு திரியறானுங்க. அவளுக்கே தெரியாம டக்கர் வேலை பாத்திருக்கா பாருங்க. நம்ம பாஷைல இதுக்கு ஒத்தச் சொல் இல்லைன்னா சொல் பஞ்சம் இல்லீங்க, தேவைப்படல, அவ்ளோதான்.

பாளை_ஜெசி | சனி, இரவு 9.10
செந்தில் அண்ணே, சொட்டர் கதைய எம்மவளுக்கு அப்படியே படிச்சுக் காட்டிட்டேன், அவளுக்கு அகராதி அர்த்தம் ஏறல, இது ஏறிட்டு.

மெட்ராஸ் மாமா | சனி, இரவு 9.33
குஜராத்தி விஷயத்துல தப்பு என்னுதுதான். சரி, வெறும் மிதிச்சா பிசுக்கு போயிடுமா? சோப்பு அந்தக் காலத்துல ஏது?

எக்ஸிட்டர் மழை | ஞாயிறு, பகல் 1.15
மாமா, சாப்பாட்டு நேரம்னா இதை அப்புறம் படிங்க.

சிறுநீர். ஊர் பூரா வீடு வீடா சேத்து வச்சு, பல நாள் புளிக்க விட்டு ஊத்துவாங்க, பழசாக ஆக அமோனியா ஏறும், அது கொழுப்ப கரைச்சு எடுத்துடும். ரோம் காலத்துலயே இதான் வழி, பாம்பெய்ல தோண்டி எடுத்த சலவைப் பட்டறைல அந்தத் தொட்டியெல்லாம் இன்னும் இருக்கு, வெஸ்பாசியன்னு ஒரு ராஜா இதுக்கு வரியே போட்டான். எக்ஸிட்டருக்கு 1698ல சீலியா ஃபைன்ஸ்னு ஒரு அம்மா குதிரைல வந்து பாத்து எழுதி வச்சிருக்காங்க, துணிய முதல்ல சிறுநீர்ல ஊற வைக்கறாங்க, அப்புறம் சோப்பு போட்டு மில்லுல அடிக்கறாங்கன்னு. அப்ப இந்த ஊரே அந்த வாடையிலதான் இருந்திருக்கும், செர்ஜ்னு ஒரு கம்பளித் துணி இங்கேருந்து ஐரோப்பா பூரா போச்சு.

இன்னொண்ணு ஒருவகை களிமண். தண்ணில கரைச்சு துணில பூசினா எண்ணெய உறிஞ்சிக்கும். அதுக்குப் பேரே ஃபுல்லர்ஸ் எர்த், ஃபுல்லரோட மண்ணு. நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க. முல்தானி மிட்டி!

டக்கர் பாண்டி | ஞாயிறு, பகல் 1.22
எங்கக்கா மூஞ்சில பூசுறது கம்பளி தோய்க்கிற மண்ணா 😂😂 இன்னைக்கு வீட்டுல ரத்தக்களரி

எக்ஸிட்டர் மழை | ஞாயிறு, பகல் 1.50
தோல்ல உள்ள எண்ணெய எடுக்குது, துணில உள்ள எண்ணெய எடுக்குது, வேலை ஒண்ணுதானே. முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன். 12ஆம் நூற்றாண்டுல இருந்து காலால மிதிக்கிற வேலைய தண்ணிச் சக்கரம் எடுத்துக்கிச்சு. ஆத்துத் தண்ணி சக்கரத்தைச் சுத்தும், அது பெரிய மரச் சுத்தியல தூக்கித் தூக்கிப் போடும், துணி தொட்டிக்குள்ள அடி வாங்கும். சர்நேம் எல்லாம் அப்பன் பிள்ளைன்னு பரம்பரையா ஒட்டினது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுல, அதாவது இங்கிலாந்துல ரொம்ப ஊர்ல மில்லு வந்தப்புறம். மிதிக்கிறதை விட்டாச்சு, மிதிக்கிறவன்ங்கற பேரு மட்டும் பரம்பரையா ஒட்டிக்கிச்சு.

அடிச்சு முடிச்ச துணிய வெளில மரச் சட்டத்துல கொக்கி போட்டு இழுத்துக் காய வைப்பாங்க, அந்தக் கொக்கி பேரு டென்டர்ஹுக். இங்க பதட்டத்துல இருக்கிறவங்கள டென்டர்ஹுக்ல இருக்காங்கன்னு சொல்றது அதுலேருந்துதான். எக்ஸிட்டர்ல ரேக் ஸ்ட்ரீட்னு ஒண்ணு இருக்கு, அந்தச் சட்டங்க நின்ன இடம். பிறகு மேல துருத்திட்டு நிக்கற ரோமத்தை பெரிய கத்தரியால சீவுவாங்க, அந்த ஆள் ஷியர்மன், ஷெர்மன்ங்கற சர்நேம். டக்கர்ஸ் ஹால் சங்கத்தோட பேரு பேப்பர்ல "நெசவாளர், ஃபுல்லர், ஷியர்மன்"னு கெத்தா இருக்கும், ஆனா ஊர் ஜனம் வாய்ல டக்கர்ஸ் ஹால்தான். நம்மூர்ல போர்டுல ஒரு பேரு, பஸ் கண்டக்டர் சொல்றது வேற பேரு, அதே கதை.

தேயிலைத் தம்பி | ஞாயிறு, மாலை 6.40
வணக்கம், நான் ஹட்டன் பக்கம், இப்ப கொழும்பில இருக்கிறன். வாக்கர் எண்ட பேர் எங்களுக்குச் சின்ன வயசில இருந்தே பழக்கம். தேயிலைத் தொழிற்சாலை மெஷின் செய்து குடுத்த கொம்பனி வாக்கர் சன்ஸ். அப்பா ஃபெக்டரியில வேலை செய்தவர், ரோலர் ஒண்டு பழுதாப்போனா "வாக்கருக்குச் சொல்லு" எண்டுதான் கதைப்பினம். நாங்கள் வாக்கர் எண்டா மெக்கானிக் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சம். துணி மிதிக்கிற ஆள் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது.

ஒரு கேள்வி. மூண்டும் ஒரே தொழில் எண்டா, ஏன் வாக்கர் மட்டும் உலகம் முழுக்கக் கிடக்கு, டக்கர் அவ்வளவு இல்லை?

எக்ஸிட்டர் மழை | ஞாயிறு, இரவு 8.05
நல்ல கேள்வி தம்பி. டக்கர்ங்கற சொல் வழங்கினது தென்மேற்கு மூலைல மட்டும், கூட கொஞ்சம் தெற்கு வேல்ஸ் கரையோரம். வாக்கருக்கு மிட்லண்ட்ஸ் தொட்டு ஸ்காட்லாந்து வரைக்கும் பரப்பு. எந்த ஊர்ல எல்லாம் அந்த வேலை இருந்துச்சோ அங்கெல்லாம் தனித்தனியா ஒரு வாக்கர் குடும்பம் முளைச்சிருக்கும், ஒருத்தருக்கொருத்தர் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. 2010 அமெரிக்க சென்சஸ்ல வாக்கர் 28ஆவது இடம், 5 லட்சத்து 23 ஆயிரம் பேருக்கு மேல. (முதல் இடம் ஸ்மித், 24 லட்சத்துக்கு மேல, அவங்கள யாரும் தொட முடியாது.)

அமெரிக்காவுல வாக்கர்னோ டக்கர்னோ சர்நேம் இருக்கிற கறுப்பின மக்கள் நிறைய. அதுக்குப் பின்னால தோட்ட முதலாளி பேரு, ஊர்ப் பேரு, விடுதலைக்கு அப்புறம் தானா எடுத்துக்கிட்ட பேருன்னு கலவையான, கசப்பான கதை. 1625ல வர்ஜீனியாவுல எடுத்த ஆள் கணக்குல கேப்டன் வில்லியம் டக்கர்ங்கறவர் வீட்டுல ஆன்டனி, இசபெல்னு ரெண்டு ஆப்பிரிக்கர், "வில்லியம், அவங்க குழந்தை, ஞானஸ்நானம் பெற்றது"ன்னு எழுதியிருக்கு. அந்தக் குழந்தைக்கு சர்நேம் எதுவும் போடல. ஆனா ஹாம்ப்டன் ஊர்ல டக்கர்ங்கற கறுப்பினக் குடும்பம் ஒண்ணு அந்தப் பிள்ளை வம்சம் நாங்கன்னு இன்னைக்கும் சொல்றாங்க. டெவன்ல துணி அடிச்சவனோட பேரு எங்க போய் யார் தலைல உக்காந்திருக்கு பாருங்க.

வடசேரி வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.12
எங்க ஊரு தக்கர விட்டுட்டீங்களே வேய். இரட்சணிய சேனைய (சால்வேஷன் ஆர்மி) இந்தியாவுக்குக் கொண்டு வந்த பூத் தக்கர்! ஃபிரெடரிக் டக்கர், 1853ல முங்கேர்ல பொறந்தவரு, ஐசிஎஸ் வேலைய தூக்கிப் போட்டுட்டு 1882ல பம்பாய்ல வந்து எறங்கினாரு, காவித் துணி, வெறுங்காலு, பக்கீர் சிங்னு பேரையும் மாத்திக்கிட்டாரு. 1888ல சேனையோட ஸ்தாபகர் வில்லியம் பூத் மக எம்மாவ கட்டினப்போ பொண்ணு வீட்டுப் பேரையும் முன்னால சேத்து பூத் தக்கர் ஆனாரு. மாமனார் வீட்டுப் பேர எடுத்துக்கிட்ட மாப்பிள்ளை, அந்தக் காலத்துல! நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி அந்த எம்மாவோட அம்மா பேருலதான் இருக்கு.

இவரோட தாத்தா ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர், கிழக்கிந்தியக் கம்பெனிக்கே சேர்மனா இருந்தவரு, பொறந்தது பெர்முடா தீவுல. அங்க டக்கர்ஸ் டவுன்னு ஊரே உண்டு. அவரு மக ஷார்லட் டக்கர் 54 வயசுல கப்பல் ஏறி வந்து பஞ்சாப் பட்டாலால கடைசி வரைக்கும் ஊழியம் செஞ்சாங்க. கம்பெனி சேர்மன் வீட்டுலருந்து ஒரு மக பட்டாலா, ஒரு பேரன் வெறுங்காலோட பம்பாய்.

பாளை_ஜெசி | ஞாயிறு, இரவு 9.30
அப்போ சாராள் தக்கரும் இவங்களும் ஒரே குடும்பமா வாத்தியாரே?

வடசேரி வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.41
பேர் ஒண்ணா இருக்குன்னு அப்படிச் சொல்லிரக் கூடாதும்மா, எக்ஸிட்டர்க்காரரு மேல சொன்னாருல்லா, ஊருக்கு ஒரு வாக்கர் குடும்பம்னு, டக்கரும் அப்படித்தான். நம்மூர்ல ஆசாரிமார் எல்லாரும் சொந்தமா?

குறள்பித்தன் | திங்கள், காலை 7.15
தக்கார் விஷயத்துல என் கருத்தை வாபஸ் வாங்கல, ஆனா முல்தானி மிட்டி தகவல் அருமை. டூக்கியன், துவை... யோசிக்க வேண்டிய விஷயம்.

எக்ஸிட்டர் மழை | திங்கள், பகல் 12.30
சார் 🙏 வேணாம் சார்.

(ஸ்காட்லாந்துக்கு மேற்கால ஹெப்ரிடீஸ் தீவுகள்ல அந்தக் காலத்துல பொம்பளைங்க மேசையச் சுத்தி உக்காந்து ஈரக் கம்பளித் துணிய தாளத்துக்கு அடிச்சுக்கிட்டே பாடுவாங்க. அதுக்குப் பேரு வாக்கிங் பாட்டு, நம்ம வாக்கர்ல உள்ள அதே வாக்கு. நாத்து நடும்போது பாடற மாதிரி ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. யூட்யூப்ல தேடிப் பாருங்க, செந்தில் அண்ணனுக்குப் பிடிக்கும்.)

சென்னிமலை செந்தில் | திங்கள், இரவு 7.58
பாத்தேனுங்க. அப்பாவையும் கூப்ட்டு காட்டினேன். "இத்தனை அடி அடிச்சா அகலம் கொறையாதா, அளவுல எப்படி நிக்கும்"னு கேக்கறாரு. சுருங்கறதுக்குத்தானுங்கப்பா அடிக்கறாங்கன்னேன், முதல்லயே அகலமா நெய்வாங்களாமான்னு கேட்டாரு. ஆமாங்கப்பான்னேன், சிரிச்சுட்டு தறிக்குப் போய்ட்டாரு.

பாளை_ஜெசி | செவ்வாய், காலை 6.50
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு ஒண்ணு விடாம சொன்னேன், டெவன், சுத்தியல் மில்லு, பூத் தக்கர், அந்த சிறுநீர் சமாச்சாரம் உட்பட. எல்லாத்தையும் கேட்டுட்டு "சீ, சோத்து நேரத்துல பேசுத பேச்சா இது"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் கழிச்சு, "ஏட்டி, முல்தானி மிட்டி தீந்துட்டு, வரும்போது ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா"ன்னுட்டு வச்சிட்டாங்க.